லிஃப்ட் கிட் விற்பவர்களுக்கு ஒரு ஜிப்ஸிக்காரனின் மடல்

பெங்களூரு ஜே.சி. ரோடு ஸ்பேர்ஸ் கடைக்காரர்களுக்கும், லிஃப்ட் மாட்டித் தரும் பட்டறை அண்ணன்களுக்கும் வணக்கம்.

வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் லிஃப்ட் கிட்டுக்காகப் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்போடு உங்களிடம் வந்து நிற்கிறவர்களில் நானும் ஒருத்தன். போனதுமே 'எத்தனை இன்ச் வேணும்?' என்றுதான் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் (இழுவைக் கயிறு சுற்றும் கருவி) இருக்கிறதா, பின்னால் எவ்வளவு சாமான் ஏறும், வாரநாளில் வண்டி சில்க் போர்டு நெரிசலில் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். பாரம் ஏறிய வண்டிக்கும் வெறும் வண்டிக்கும் ஒரே பட்டைக் கட்டை (வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் அடுக்கை)க் கொடுத்தால் ஒன்று தொங்கும், இன்னொன்று குதிக்கும்.

இன்னொன்று, வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு லிஃப்ட்டே தேவைப்படாது. வருஷக்கணக்கில் பாரம் சுமந்து பட்டை தட்டையாகி, ஷாக்கிள் (பட்டையைச் சேஸியோடு இணைக்கும் இரும்புத் துண்டு) புஷ் நைந்து, வண்டி உட்கார்ந்திருக்கும். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். புதுப் பட்டையும் புஷ்ஷும் போட்டாலே பழைய உயரம் திரும்பிவிடும், அதுவே நிறையப் பேருக்குப் போதும்.

மலிவு என்று நீள ஷாக்கிளை விற்கிறீர்களே, அதில் முழு விவரமும் சொல்வதில்லை. 2 இன்ச் கூடுதல் நீளமுள்ள ஷாக்கிள் போட்டால் வண்டி ஏறுவது சுமார் 1 இன்ச்தான். கூடவே ஆக்ஸில் (சக்கர அச்சு) திரும்பி காஸ்டர் கோணமும், அதாவது ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் அளவும், மாறும். காஸ்டர் குறைந்துவிட்டால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, ஓசூர் ஹைவேயில் வண்டி அலையும்.

என் நண்பரின் ஜிப்ஸிக்கு ஒரு பட்டறையில் பட்டையை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். சேஸியை ஜாக்கில் தூக்கி முன் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஷாக் அப்சார்பர் முழுசாக நீண்டு முட்டி நிற்கிறது, பிரேக் ஹோஸ் கம்பி மாதிரி விறைத்திருக்கிறது, அது சேரும் இடத்தில் ரப்பர் வெளுத்துப் போயிருக்கிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் அந்த ஷாக்கும் ஹோஸும்தான் பாரத்தைப் பிடிக்க வேண்டும்! நீளமான ஷாக், நீளமான பிரேக் ஹோஸ், உயரத்துக்குத் தக்க பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் சேஸியில் மோதாமல் தடுக்கும் ரப்பர்), ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணமும் அதன் கிராஸ் மூட்டும் சரியா என்ற சோதனை, இவ்வளவும் சேர்ந்ததுதான் லிஃப்ட். இதைத் தனித்தனியாக விற்காதீர்கள்.

அப்புறம், லிஃப்ட் போட்டால் டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் இருக்கும் கியர் உருண்டை) கல்லில் இடிக்காது என்று சொல்வதை நிறுத்துங்கள். லிஃப்ட் தூக்குவது பாடியையும் சேஸியையும்தான், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர். ஜிப்ஸியின் 205/70ஆர்15-க்குப் பதில் 235/75ஆர்15 போட்டால் சுமார் 33 மில்லிமீட்டர் கிடைக்கும். ஆனால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 66-இல் போகும், கியரும் கனத்துவிடும். இதையும் சேர்த்துச் சொல்லி விற்றால் வாங்குகிறவர் யோசித்து வாங்குவார்.

பழைய டாடா சஃபாரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அதில் முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கினால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி. போல்ட்டை முறுக்கி உயர்த்தினால் காசு மிச்சம்தான், ஆனால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறையும், பால் ஜாயின்ட் (சக்கரத்தை இணைக்கும் குண்டு மூட்டு) கோணம் கெடும்.

சட்டத்தையும் மறைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் சேர்ந்த 182ஏ பிரிவின்படி மாட்டிக்கொள்வது வண்டிச் சொந்தக்காரர்தான், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறவரிடம் இதைக் காசு வாங்கும் முன் சொல்வதுதான் நியாயம்.

கடைசியாக, பில்லில் 'லிஃப்ட் கிட் 1' என்று எழுதாமல் பட்டை எந்தப் பாரத்துக்கு, ஷாக் எவ்வளவு நீளம் என்று எழுதித் தாருங்கள். மாட்டிய சில நூறு கிலோமீட்டரில் வண்டியைத் திரும்ப வரச் சொல்லி பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டை ஒருமுறை முறுக்கிக் கொடுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் சரி, தருகிறோம்.