இரு தரப்புக்கும் ஒரே கேஸ் ஷீட்: மருத்துவக் கவுன்சிலுக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

மருத்துவர்களைப் பதிவுசெய்து, அவர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் மருத்துவர்கள் மீதான புகார்களை இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறவர்கள் நாங்கள். எங்களில் சிலர் நோயாளியின் வீட்டாருக்கு மனு எழுதிக் கொடுக்கிறோம். சிலர் நோட்டீஸ் வாங்கிய மருத்துவர்களுக்கு விளக்கம் எழுத உதவுகிறோம். இரு பக்கத்தாரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள்: எதிர்த்தரப்பு என்ன காகிதம் கொடுத்தது, அதை எங்களுக்கும் காட்டுங்கள். கொடுக்கல் வாங்கலில் ஐந்தொகை (வரவு, செலவு, இருப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு) பார்த்து வளர்ந்த ஊர் இது. ஒரு பக்கத்துக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே யாரும் தொகை முடிப்பதில்லை.

மருத்துவர்களுக்கான புதிய நடத்தை விதிமுறைகள் 2023 ஆகஸ்டில் வந்து அந்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டதால், 2002ஆம் ஆண்டு விதிமுறைகளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உள்நோயாளியின் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது அந்த விதி. தராமல் இருப்பதே ஒரு தொழில்முறைக் குற்றம் என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. நடைமுறையில் கைக்கு வருவது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான். எல்லாம் முடிந்த பிறகு சுருக்கி எழுதிய அந்தத் தாளில் விவகாரம் இருக்காது. செவிலியர் மணிக்கு மணி குறித்த நாடித்துடிப்பு, இரத்த அழுத்தத் தாள், மருந்து கொடுத்த நேரம் உள்ள தாள், மயக்க மருந்துப் பதிவு, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, சம்மதப் படிவம், மேல் சிகிச்சைக்கு அனுப்பிய கடிதம் ஆகியவற்றில்தான் இருக்கும். இவையெல்லாம் சேர்ந்த கட்டுதான் கேஸ் ஷீட்.

பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கை எடுத்துக்கொள்வோம். சுகப்பிரசவத்தில் 500 மில்லி, சிசேரியனில் 1000 மில்லி தாண்டினால் அபாயம் என்பது நெடுங்காலமாக உள்ள அளவு. இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், குழந்தை பிறந்து 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, விசாரிப்பவர் கேட்க வேண்டியவை நேரங்கள். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் எப்போது போட்டார்கள், இரத்த இழப்பை யார் எப்படி அளந்தார், இரத்தத்துக்கு எப்போது சொல்லி அனுப்பினார்கள், 108 எத்தனை மணிக்கு அழைக்கப்பட்டது, வண்டி எப்போது புறப்பட்டது. மருந்துத் தாளில் 11.40 என்றும் செவிலியர் குறிப்பில் 12.25 என்றும் இருந்தால், அந்த 45 நிமிடம்தான் வழக்கு. தாய் இறந்த வீட்டார் எழுதும் மனுவில் இந்த நேரங்கள் இருக்காது, இருக்கவும் முடியாது. அவர்கள் வாசலில் நின்றவர்கள். அதனால்தான் கேஸ் ஷீட் முழுவதையும் அவர்கள் கையில் கொடுத்த பிறகு, மனுவைத் திருத்தி எழுத ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று கேட்கிறோம். புகார் வந்த அன்றே, மூலக் கேஸ் ஷீட்டுக்குப் பக்க எண் போட்டு முத்திரையிட்ட நகலை அனுப்பும்படியும், சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் மருத்துவமனைக்குக் கவுன்சில் எழுதட்டும். இது மருத்துவருக்கும் காவல்தான்: பிறகு யாரும் தாளை மாற்றிவிட்டார் என்று அவர்மேல் பழி போட முடியாது.

அடுத்தது வல்லுநர் கருத்து. எங்கள் அனுபவத்தில் விசாரணை அதிகம் கோணலாவது இங்கேதான். சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் என்ன செய்திருப்பாரோ அதுவே அளவுகோல்; அப்போது பொதுவாகக் கிடைக்காத கருவியைப் பயன்படுத்தவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரத்த வங்கியும் ஐசியூவும் ஒரே கட்டடத்தில் உள்ள சென்னை மருத்துவமனையின் பேராசிரியர், இரவு இரண்டு மணிக்குத் தேவகோட்டையில் ஒரே மருத்துவரும் இரண்டு செவிலியரும் இருந்த நர்சிங் ஹோமை எடைபோடும்போது இந்த அளவுகோல் கைநழுவிவிடும். அதற்காகச் சிறிய இடம் என்பது தப்பிக்கும் வழியாகிவிடவும் கூடாது. இரத்தம் இல்லாத இடத்தில் சீக்கிரம் அனுப்பிவைப்பதே திறமை. அனுப்பத் தாமதித்தது ஏன் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். ஆகவே அதே துறையில், அதே அளவு வசதியுள்ள இடத்தில் வேலை பார்த்த ஒருவரையும் வல்லுநராகச் சேருங்கள். அவரிடம் அனுப்பிய கேள்விகளையும் அவர் தந்த பதிலையும் இரு தரப்புக்கும் கொடுத்து, மறுப்பு எழுத 15 நாள் விடுங்கள். மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் மாவட்ட அளவில் விசாரித்து அறிக்கை தந்திருந்தால் அதற்கும் இதே முறைதான். ரகசிய அறிக்கையின் மேல் எழுதப்படும் தீர்ப்பு, தண்டனையானாலும் விடுதலையானாலும், நிற்காது.

நோட்டீஸிலும் ஒரு குறை உண்டு. ‘உங்கள்மீது புகார் வந்துள்ளது, விளக்கம் தருக’ என்று மட்டும் எழுதினால் மருத்துவர் எதற்கு விளக்கம் எழுதுவார்? எந்த விதி, எந்தச் செயல், எந்த நாள் என்று தனித்தனியாக எழுதுங்கள். முடிவும் அப்படியே தனித்தனியாக வரட்டும். சிகிச்சையில் கவனக்குறைவு இல்லை என்று தெரியவந்தாலும், சம்மதம் வாங்காமல் கருப்பையை எடுத்திருந்தால் அது தனிக் குற்றம். ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பது 2008இலேயே உச்ச நீதிமன்றத்தின் சமீரா கோலி வழக்கில் முடிந்த விஷயம். சேர்க்கையின்போது வெற்றுப் படிவத்தில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று ஏற்காதீர்கள்.

காலக்கெடுவில் நோயாளி தரப்பு இழப்பதுதான் அதிகம். புகாரை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. மருத்துவமனை ஆவணங்களை வைத்திருக்க வேண்டியது சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு. இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு. கவுன்சில் முடிவு வரட்டும் என்று காத்திருந்து அந்த 2 ஆண்டைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு. கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம்; இழப்பீடு தர முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. புகார் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டிலேயே இதைத் தமிழில் நான்கு வரி அச்சிட்டால் போதும். மருத்துவர் தரப்பிலும் தாமதம் தண்டனைதான். முடிவு வராத புகார் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

புகாருக்குள்ளான மருத்துவரோடு தொழில் பங்கோ உறவோ உள்ள உறுப்பினர் விலகி உட்கார வேண்டும், விலகியதை ஆணையில் குறிக்கவும் வேண்டும். இதை விளக்கத் தேவையில்லை.

நேரில் ஆஜராவது என்றால் சென்னை. பல்லவன் ரயில் விடியலில் காரைக்குடியில் கிளம்பிச் சென்னை சேர நண்பகல் தாண்டிவிடும். காலை விசாரணைக்கு முந்தின இரவே புறப்பட வேண்டும், கூலி வேலைக்காரருக்கு இரண்டு நாள் சம்பளம் போகும். தனியாக நர்சிங் ஹோம் நடத்தும் மருத்துவருக்கும் இரண்டு நாள் கதவடைப்பு. முதல் கட்ட விசாரணைகளைச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து காணொலியில் நடத்துங்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளுக்கு மட்டும் சென்னை போதும்.

கடைசியாக மேல்முறையீடு. 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மாநிலக் கவுன்சில் முடிவை எதிர்த்து மேலே போகும் உரிமையை மருத்துவருக்குத் தருகிறது, புகார்தாரரைச் சொல்லவில்லை. 2002 விதிமுறைகளில் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. சட்டத்தைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை, திருத்தும்படி அரசுக்குத் தீர்மானம் அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது. அதுவரை கவுன்சில் முடிவை எதிர்க்கப் புகார்தாரருக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுதான். அங்கே போக அவருக்குக் காரணங்கள் எழுதிய ஆணை வேண்டும். ‘புகார் நிரூபிக்கப்படவில்லை, முடித்துவைக்கப்படுகிறது’ என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தாளைப் பார்த்தீர்கள், எந்தக் கருத்தை ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்று தமிழிலும் எழுதிக் கொடுங்கள். குற்றமற்றவர் என்று முடிவான மருத்துவரின் சம்மதத்தோடு, அவருடைய ஆணையை உங்கள் இணையதளத்தில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து மருத்துவர்கள், செவிலியர்கள், வழக்கறிஞர்கள், மனு எழுத உதவுவோர்