ராத்திரி ஒரு மணி வரை ஆபீஸில்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு.

"ராத்திரி ஒரு மணி வரை ஆபீஸில் என்னடா பண்றே?" என்று கேட்டிருந்தாய். எங்களுடைய 11 சர்வர்களின் லாக்கையும் (அதில் நடப்பதை எல்லாம் எழுதி வைக்கும் பதிவு) ஒரே இடத்தில் பார்க்க கிரேலாக் என்ற மென்பொருளைப் போட்டேன். ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு 22.04, கை பழகியதுதானே என்று தெனாவட்டாக இறங்கினேன். முதலில் அதன் அமைப்புகளை வைக்கும் மோங்கோடிபி டேட்டாபேஸ், அப்புறம் லாக்கைச் சேமித்துத் தேடித்தரும் ஓப்பன்சர்ச், கடைசியில் கிரேலாக்.

மோங்கோவே எழுந்திருக்கவில்லை. ஸ்டேட்டஸ் பார்த்தால் 'சிக்னல் ஐஎல்எல்' என்று ஒரு வரி, அதாவது பிராசசருக்குப் புரியாத கட்டளை. தலையைப் பிய்த்துக்கொண்டேன். மோங்கோ 5.0 முதல் பிராசசரில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு இருந்தே ஆக வேண்டும். எங்கள் இயந்திரத்தில் அது இருக்கிறது. ஆனால் மோங்கோ ஓடுவது அதற்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினியில், அதாவது விர்ச்சுவல் மெஷினில். அதை உருவாக்கும்போது சிபியு (பிராசசர்) வகையைப் பொதுவானதாக விட்டிருந்தேன், அதனால் உள்ளே இருக்கும் மோங்கோவுக்கு ஏவிஎக்ஸ் தெரியவில்லை. வகையை 'ஹோஸ்ட்' (வெளி இயந்திரத்தின் பிராசசரையே காட்டு) என்று மாற்றி, முழுவதும் நிறுத்தி எழுப்பியதும் ஓடியது. ஒரு சொல்லுக்கு இரண்டு ராத்திரி!

மீதி சில்லறை வேலை. கிரேலாக்கின் வலைப்பக்கம் 127.0.0.1-இல், அதாவது அதே இயந்திரத்துக்குள் மட்டும் திறந்திருந்தது, முகவரியை மாற்றினேன். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை (நெட்வொர்க் வாசல் எண்) ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர், அல்லாதவன் திறக்க முடியாது என்பதால் மற்ற சர்வர்கள் அனுப்பும் சிஸ்லாக்கை (லாக் அனுப்பும் பொது வடிவம்) 514-க்குப் பதில் 1514-இல் வாங்கினேன்.

அடுத்தது நேரம். லாக் வந்து குவிகிறது, 'கடைசி 5 நிமிடம்' என்று தேடினால் ஒன்றுமில்லை. பழைய சிஸ்லாக் வடிவத்தில் நேர மண்டலமும் இல்லை, வருடமும் இல்லை. நம்மூர் காலை 11 மணியை கிரேலாக் யூடிசி (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு மாலை 4.30-இல் வைத்துவிட்டது. இன்னும் நடக்காததை எங்கே தேடுவது? சர்வர்களில் லாக்கை அனுப்பும் ஆர்சிஸ்லாக்கை நேர மண்டலத்தோடு புதிய வடிவத்தில் அனுப்பச் சொன்னேன், சரியானது.

இனிதான் சங்கதி. பில்லிங் சர்வர் அதிகாலையில் ஒரு நிமிடம் தடுமாறும் என்று சொல்வேனே, நெட்வொர்க் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோமே? மறுநாள் காலை தேடினேன். 2.10-க்குக் கெர்னலின் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) வரி: மெமரி தீர்ந்தது, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைக் கொன்றேன். சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி அதை உடனே எழுப்பிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இன்னொரு வரி, 2 மணிக்கு பேக்கப் தொடக்கம். மெமரியைத் தின்ற அந்த பேக்கப் ஸ்கிரிப்ட் நான் எழுதியதுதான். மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? உன்னிடம் சும்மா கிடக்கும் அந்த 2 டிபி ஹார்டு டிஸ்க்கைக் கொண்டு வா. லாக் இப்போதே டிஸ்க்கைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

உன்,
பழைய ரூம்மேட்