புரட்டாசியிலேயே வரத்துக்கால்களைத் தூர்வாருங்கள்

ஆசிரியருக்கு,

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பு, இரண்டையும் அங்கே மகள் வீட்டில் இருந்து பார்த்தேன்.

எங்கள் செட்டிநாட்டுக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழைக் காலம். வற்றாத ஆறு இல்லாத சீமை என்பதால்தான் முன்னோர் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். ஓட்டிலிருந்து முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்துக் குடித்து வளர்ந்தவன் நான். இன்று எங்கள் தெரு ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கின்றன. தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, ஊருணி வறண்டு கிடக்கிறது. மழை தொடங்கிய பிறகு அல்ல, புரட்டாசியிலேயே தூர்வார வேண்டும்.

ஒரு வாசகர், காரைக்குடி