சித்தப்பாவுக்கு: இந்த வருசம் கூழுக்கு நான் வரவில்லை

அன்புள்ள சித்தப்பா,

வருசா வருசம் ஒக்ரோபர் 16இல் உங்கள் வீட்டில் எல்லோரும் கூடிக் குடிக்கிற கூழுக்கு இந்த முறை, 2025இல், நான் வரமாட்டேன். சித்தியிடம் வேலை என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. நீங்கள் குழுவில் எழுதியதை வாசித்த இரவே முடிவெடுத்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்வதற்குத்தான் இவ்வளவு காலம் எடுத்தது.

நேரில் சொல்லாமல் இங்கே எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களும் என்னிடம் நேரில் சொல்லவில்லையே. ஊரே வாசிக்கிற வாட்ஸப் குழுவில், அகதிகளை வைத்திருக்கிற எப்பிங் ஹோட்டலுக்கு முன்னால், அவர்களுக்கு எதிராகக் கொடி பிடித்து நின்றவர்களின் படத்தைப் போட்டு, "இவை சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. நாங்கள் முறையா வந்தனாங்கள், இவங்கள் களவா வாறாங்கள்" என்று எழுதினீர்கள். அதற்குக் கைதட்டியவர்களில் அரைவாசிப் பேர் எப்படி வந்தவர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அதனால் நீங்கள் எந்தப் பாதையால் வந்தீர்கள், கையில் என்ன பேப்பர் இருந்தது, அகதி கேஸில் என்ன எழுதினார்கள் என்பதை நான் இங்கே அவிழ்க்கமாட்டேன். அது உங்களுடையது. பேப்பரில் வந்ததை, எவரும் தேடிப் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

1985 மே மாதம் இலங்கையருக்குப் பிரித்தானியா விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடுகளில் முதன்முதல் இப்படிக் கதவு சாத்தப்பட்டது இலங்கைக்குத்தான். காரணம், 83 கலவரத்துக்குப் பிறகு உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த எங்கள் ஆட்கள். கொழும்பில் தூதரகத்துக்குப் போய், "அகதியாகப் போகிறேன், விசா தாருங்கள்" என்று கேட்க முடியுமா? அப்படி ஒரு விசா அன்றைக்கும் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய எங்கள் பெடியங்களைத் திருப்பி விமானத்தில் ஏற்றப் பார்த்தபோது, அவர்கள் ஓடுபாதைப் பக்கத்தில் உள்ளாடையோடு நின்று போராடினார்கள். அந்தப் படம் உலகமெல்லாம் போனது. டக்ளஸ் ஹேர்ட் உள்துறை அமைச்சராக இருந்த காலம். அதே வருசம், சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால் தலைக்கு 1,000 பவுண் தண்டம் என்று விமானக் கொம்பனிகளுக்குச் சட்டம் வந்தது. இன்றைக்குச் சிரியாக்காரனும் சூடான்காரனும் விமானத்தில் ஏற முடியாமல் பிரான்சின் கலே கரையில் ரப்பர் போட்டுக்குக் காத்திருப்பதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். அது எங்களை மறிக்க எழுதப்பட்டது, சித்தப்பா.

பிறகு அந்தக் கப்பல். ஹாரிச் துறைமுகத்தில் அரசாங்கம் வாடகைக்கு எடுத்துக் கட்டிவைத்த பழைய பயணிகள் கப்பல், ஏர்ல் வில்லியம். உள்ளே அடைபட்டிருந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர். அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2023இல் போர்ட்லாண்டில் பிபி ஸ்ரொக்ஹோம் என்ற மிதவையில் அகதிகளை அடைத்தபோது, "பாவம், நல்ல சாப்பாடாவது குடுக்கிறாங்களோ" என்று கேட்டதும் நீங்கள்தான். இரண்டு வருசத்துக்குள் என்ன நடந்தது?

ஒவ்வொரு கூழுக்கும் 1987 ஒக்ரோபர் 16 இரவு அந்தக் கப்பலில் நீங்கள் பட்ட புயல் கதையைச் சொல்வீர்கள். கயிறு அறுந்தது, கப்பல் மணல்மேட்டில் போய் ஏறியது, கடைசியில் ஆட்களை வெளியே விட்டார்கள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வீர்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஒரே ஒரு முறை நீங்கள் வேறு மாதிரிச் சொன்னது.

நான் யூனியில் படித்த காலம். நீங்கள் பெற்றோல் செட்டில் இரவு வேலை. சித்தி கட்டித்தந்த இடியப்பப் பார்சலோடு வந்திருந்தேன். அன்றைக்கும் சரியான காற்று. வெளியே விலைப்பலகை அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் பார்சலைப் பிரித்து, சொதியை ஊற்றி, ஒரு வாய்கூட வைக்காமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "கப்பல் தாழும் எண்டு நான் பயப்பிடேல்லை பிள்ளை. கப்பல் அசைய வெளிக்கிட்ட உடனே, எங்களை இரவோடு இரவா ஊருக்குத் திருப்பிக் கொண்டு போறாங்கள் எண்டு நினைச்சன். அப்பிடியெண்டா தாழட்டும் எண்டு பிள்ளையாரைக் கும்பிட்டன்." அந்த நேரம் டாக்ஸிக்காரன் ஒருவன் டீசலுக்குக் காசு கட்ட வந்து கண்ணாடியில் தட்டினான். எழும்பிப் போனீர்கள். திரும்பி வந்து, "சோதினை எப்ப?" என்று கேட்டீர்கள். இடியப்பம் ஆறிப்போயிருந்தது. அதைச் சூடாக்காமலே சாப்பிட்டு முடித்தீர்கள்.

அப்பா இல்லாத எனக்கு அந்த இரவு வேலைக் காசில்தான் யூனி ஃபீஸ் கட்டினீர்கள். அதை மறந்து ஒரு வரிகூட எழுதவில்லை. மறக்க முடியாததால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. கப்பல் தாழட்டும் என்று கும்பிட்ட மனிதர், இன்னொருத்தனின் படகைத் திருப்பி அனுப்பச் சொல்லி எப்படி எழுதலாம்?

உங்கள் பக்கத்துக் கதை எனக்குத் தெரியாமல் இல்லை. டொக்டரைப் பார்க்கத் தேதி கிடைப்பதில்லை. தம்பிக்கு இந்த வயதிலும் ஒரு வீடு வாங்க முடியவில்லை. 2022இல் மட்டும் 45,000 பேருக்கு மேல் சின்னப் படகுகளில் வந்தார்கள், ஹோட்டல்களுக்கு அரசாங்கம் கோடிக்கணக்கில் கொட்டுகிறது. ஒரு நாடு தன் வாசலில் யார் நிற்பது என்று கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்களைக் கடத்துகிற ஏஜென்சிக்காரர் கொள்ளையடிப்பதை நிறுத்த வேண்டும் என்றால் நானும் உங்களோடு நிற்பேன். ஆனால் நீங்கள் குழுவில் சொன்னது அது இல்லை. "சும்மா இருந்து தின்னுறாங்கள்" என்று சொன்னீர்கள்.

நீங்கள் வந்த காலத்தில் கேஸ் ஆறு மாதத்துக்குள் முடியாவிட்டால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். அந்தச் சலுகையை 2002இல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு வருசம் காத்திருந்து, அதற்குப் பிறகும் அரசாங்கம் குறித்துத் தருகிற சில வேலைகளுக்குத்தான் போகலாம். சாப்பாடு கொடுக்கிற ஹோட்டலில் இருப்பவருக்கு 2025இல் கிழமைக்கு 9.95 பவுண் கைச்செலவு. பஸ்ஸுக்கே காணாது. வேலை செய்யாதே என்று கையைக் கட்டிவிட்டு, சும்மா இருக்கிறான் என்று பேசுவதா? உங்களை அப்படி ஒரு அறையில் வருசக்கணக்கில் இருத்தியிருந்தால் எனக்கு யார் ஃபீஸ் கட்டியிருப்பார்கள்?

கென்ட்டுக்கு நீங்கள் வீடு மாறிப் போனபோது சந்தோசப்பட்டேன். தோட்டம் இருக்கிறது, கத்தரி வைக்கலாம் என்றீர்கள். 2025 மே மாதம் அந்த வீட்டு யன்னலில், குடியேறிகளை எதிர்க்கிற ரிஃபோர்ம் கட்சியின் பேப்பர் ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுக்காரரோடு சமாதானமாக இருக்க ஒட்டியிருப்பார் என்று தம்பியிடம் நானே உங்களுக்காக வாதாடினேன். அந்தத் தேர்தலில் உங்கள் கவுண்டி கவுன்சில் அவர்கள் கையில் போனது. சரி, வாக்கு உங்கள் உரிமை. ஆனால் 2025 செப்டெம்பரில் அவர்கள் சொன்னதைக் கேட்டீர்களா? நிரந்தர வதிவிட உரிமை என்பதையே ஒழிப்போம், ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் ஐந்து வருசத்துக்கு ஒருமுறை விசாவுக்குத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள். சிட்டிசன் எடுக்காத ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.

ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றும் ரிஃபோர்ம்காரர் சொல்கிறார்கள். 2025 ஒக்ரோபரில் கொன்சர்வேட்டிவ் கட்சியும் அதையே சொல்லிவிட்டது. "ஸ்ராஸ்பேர்க் கோட்டு எப்பவும் வெளிநாட்டாக்களின்ர பக்கம்" என்று, அந்த ஒப்பந்தத்தின் வழக்குகளைக் கேட்கிற ஸ்ராஸ்பேர்க் நீதிமன்றத்தைப் பற்றி நீங்களும் எழுதினீர்கள். 1988 பெப்ரவரியில் இங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அந்த ஐந்து தமிழரை நினைவிருக்கிறதா? ஊரில் அவர்களில் சிலர் சித்திரவதைப்பட்டார்கள். இங்கே மேன்முறையீட்டில் வென்று 1989இல் திரும்பி வந்தார்கள். அவர்களின் வழக்கு ஸ்ராஸ்பேர்க் போனது, 1991இல் அங்கே தோற்றார்கள். ஆமாம், தோற்றார்கள். அந்த நீதிமன்றம் எப்போதும் எங்கள் பக்கம் நிற்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அங்கே கிடைப்பது வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை, உள்துறை அமைச்சு சொன்னதே கடைசி வார்த்தை இல்லை என்ற ஒரு நிலை மட்டும்தான். அதையும் பிடுங்கச் சொல்லி நீங்களா கேட்பது?

போன வருசக் கூழுக்கு முல்லைத்தீவுப் பெடியன் ஒருவனைக் கூட்டி வந்தேனே. "வாங்கோ தம்பி" என்று கோப்பையை நிரப்பி மீன் தலையையும் நண்டுக் காலையும் அவனுக்குத்தான் போட்டீர்கள். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்காததற்காக அன்றைக்கு உங்களை எவ்வளவு மதித்தேன் தெரியுமா? அவனுக்குப் போன மாதம் கேஸ் சரிவந்தது. தனி ஆள் என்பதால் 28 நாளில் ஹோட்டலை விடச் சொல்லிவிட்டார்கள். இப்போது எங்கள் பின்னறையில் இருக்கிறான். மனுசியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால், அகதிகள் குடும்பத்தைக் கூப்பிடுகிற புது விண்ணப்பங்களை 2025 செப்டெம்பர் 4ஆம் திகதியோடு லேபர் அரசாங்கமே நிறுத்திவைத்துவிட்டது. சித்தி வருவதற்கு நீங்கள் காத்திருந்த வருசங்களை நான் அவனுக்குச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதை அவனும் வாசித்தான். குழுவில் அவனும் இருக்கிறான், நீங்கள்தான் சேர்த்தீர்கள்.

அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூழுக்குப் போகிறோமா என்று மட்டும் கேட்டான். போகவில்லை என்றேன்.

உங்கள் பிரசர் மாத்திரையை மாற்றிவிட்டார்கள் என்று சித்தி சொன்னார். புதியதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். அப்புறம், குழுவில் எழுதியதை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அழித்தாலும் அவன் வாசித்தது வாசித்ததுதான்.

நவம்பரில் அம்மாவின் திவசம் எங்கள் வீட்டில். வழக்கம்போல நீங்கள்தான் முன்னுக்கு நிற்க வேண்டும், உங்களை விட்டால் எங்களுக்கு ஆள் இல்லை. அவனும் இருப்பான். அவனோடு நீங்கள் முதலில் கதைக்க வேண்டும். என்ன கதைப்பது என்று நான் சொல்லித்தரமாட்டேன்.

உங்கள் பிள்ளை