கட்டணம் மட்டும் பார்த்து இடிஎஃப் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எஸ்&பி 500 என்ற அமெரிக்கப் பெருநிறுவனப் பங்குக் குறியீட்டைப் பின்தொடரும் இரண்டு இடிஎஃப்களை (பங்குச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய நிதிகளை) ஒப்பிடும் சிங்கப்பூர் நம்மவர்கள் பலரும் ஆண்டுக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறார்கள். அமெரிக்காவில் பதிவான வேன்கார்டு விஓஓவுக்கு 0.03%; அயர்லாந்தில் பதிவாகி லண்டன் சந்தையில் விற்கும் ஐஷேர்ஸ் சிஎஸ்பிஎக்ஸுக்கு 0.07%. முதலாவதுதான் மலிவு என்று தோன்றும்.

வரியைச் சேர்த்தால் கணக்கு மாறிவிடும். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், விஓஓ தரும் ஈவுத்தொகையில் 30% பிடித்துக்கொண்டுதான் நம் கைக்கு வரும். அயர்லாந்து நிதிக்கோ ஒப்பந்தப்படி 15% பிடித்தம். 10,000 வெள்ளி முதலீட்டுக்கு ஈவு 1.3% என்று வையுங்கள்: 130 வெள்ளியில் ஒன்றில் 39 போகிறது, மற்றதில் 19.50. கட்டணத்தில் மிச்சமாவது வெறும் 4 வெள்ளி.

இதைவிடப் பெரிய கவலை மரணத்துக்குப் பிந்திய எஸ்டேட் வரி. சிங்கப்பூரில் 2008இலேயே அது ஒழிந்துவிட்டது. ஆனால், அமெரிக்கக் குடிமக்களோ அங்கு வசிப்பவர்களோ அல்லாதோர் விட்டுச்செல்லும் அமெரிக்கச் சொத்து 60,000 அமெரிக்க டாலரைத் தாண்டினால், 40% வரைகூட அந்நாடு கேட்கலாம். குடும்பத்தார்தான் அலைய வேண்டியிருக்கும். நம் எஸ்ஜிஎக்ஸ் சந்தையில் வாங்கினாலும், எஸ்பிடிஆர் எஸ்&பி 500 அமெரிக்க நிதியே; விலக்கு இல்லை. அயர்லாந்து நிதி அமெரிக்கச் சொத்தாகக் கருதப்படாததால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

நிதியின் விவரத்தாளில் ஐஎஸ்ஐஎன் எனும் அடையாள எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு எழுத்து ‘ஐஇ’ என்றால் அயர்லாந்து, ‘யுஎஸ்’ என்றால் அமெரிக்கா. பிறகு தரகுக் கட்டணத்தையும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியையும் சரிபாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்