போர்வைக் கறை குறித்து மகளுக்கு

மதுரை,
பங்குனி 10

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மூன்று வாரமாகத் தொலைபேசியை எடுக்காத நீ, நேற்று ஒரு படத்தையும், "அப்பத்தா போர்வையில் கறை, எப்படிப் போக்குவது?" என்ற ஒரே வரியையும் அனுப்பியிருக்கிறாய். எதன் கறை என்று எழுதவில்லை. அது தெரியாமல் வழி சொல்ல முடியாது என்பது, முப்பது ஆண்டு வேதியியல் சொல்லிக்கொடுத்தவளின் மகளுக்குத் தெரியாததல்ல. ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வேண்டியதை நீ எடுத்துக்கொள்.

எதன் கறையாயினும் சுடுநீர் வேண்டாம். வாஷிங் மெஷின், டிரையர், இஸ்திரிப் பெட்டி எதுவும் வேண்டாம். சூடு பட்ட கறை நூலோடு நூலாகிவிடும். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, போர்வையில் உள்ள ஒவ்வொரு நிறத்தின் மீதும் சற்று நேரம் அழுத்தி எடுத்துப் பார். அந்தச் சிவப்புச் சுங்குடித் துண்டுகள் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் சாயம் விடக்கூடியவை. துணியில் நிறம் ஒட்டினால் போர்வை முழுவதையும் நனைக்காமல் கறை பட்ட இடத்தை மட்டும் கவனி.

மஞ்சள் கறையென்றால் சோப்பைக் காட்டாதே. காரம் பட்டதும் ரத்தமாய்ச் சிவந்து உன்னைப் பயமுறுத்தும். நன்றாக அலசினால் பழைய மஞ்சளுக்கே திரும்பும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். ஊக்கின் துரு என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் போதும், ஆனால் புளிப்பு நூலை அரிக்கும் என்பதால் உடனே அலசிவிட வேண்டும். உன் படத்தில் இருப்பது இரண்டுமில்லை. நடுவில் வெளிறி, ஓரத்தில் கருங்காவியாக வரம்பு கட்டியிருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை நீ தண்ணீர் தொட்டுத் தேய்த்திருக்கிறாய் என்பதும் தெரிகிறது.

ரத்தமென்றால், குளிர்ந்த நீர்தான். முட்டையின் வெள்ளைக்கரு கொதிநீரில் இறுகுவதுபோலவே ரத்தத்தின் புரதமும் சூட்டில் இறுகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்த இடத்தை மட்டும் அரை மணி நேரம் ஊறவிட்டு, நிறம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்று. அதற்கும் அசையாவிட்டால், என்சைம் கலந்த சலவைத் தூளைச் சிறிது கரைத்து விரலால் ஒற்று, தேய்க்காதே. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்வார்கள். கறையோடு சுங்குடியின் சிவப்பும் போய்விடும்.

ரத்தம்தான் என்று நான் சொல்லவில்லை. பொங்கலன்று நீ சொன்னதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன் அத்தையிடம்கூட.

முழுப் போர்வையையும் நனைக்க நேர்ந்தால், குளியல் தொட்டியில் முதலில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் போர்வையை இடு. எடுக்கும்போது பெட்ஷீட்டின் முனைகளைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், இல்லையென்றால் ஈரக் கனத்தில் அப்பத்தாவின் ஓட்டுத்தையல் படபடவென்று அறும். தனியாகத் தூக்காதே, மாப்பிள்ளை வரட்டும். இப்போது நீ கனம் தூக்க வேண்டாம். முறுக்கிப் பிழியாமல், துண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்து, தரையில் விரித்துக் காய வை. கொடியில் போடாதே. சுடுநீர் வேண்டாம் என்பதை மறந்துவிடாதே.

எதையும் தனியே சமாளித்துக்கொள்வாள் என் மகள் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். ஒரு கறையைக்கூடப் பெற்றவளிடம் பெயர் சொல்லிக் கேட்க முடியாதபடி நீ எங்கே கற்றாய் என்று நேற்று இரவு கோபமும் வந்தது. பிறகு அந்த நீலத் துண்டு நினைவுக்கு வந்தது.

போர்வையின் கால்மாட்டில் மற்றக் கட்டங்களோடு சேராமல் ஒரு நீலத் துண்டு இருக்கிறதே, எலி கடித்ததால் அப்பத்தா ஒட்டுப்போட்டது என்று உன்னிடம் சொன்னேன். எலி கடிக்கவில்லை. நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, தூரமான நாளில் அதைப் போர்த்தி உறங்கி, காலையில் கறையோடு என் முன் வந்து நின்றாய். அப்பத்தா பார்த்துவிடுவார் என்ற பயத்தில் உன்னை என்னென்னவோ பேசினேன்; கொதிநீரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கொட்டினேன். வகுப்பில் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த இரண்டையும் ஒரே வாளியில் செய்தேன். கறை காவியாக இறுகியது. இரண்டு முறை அலசுவதற்குள் துணி அப்பளமாய் நொறுங்கியது. அப்பத்தா மாலையில் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, தம் நீலச் சேலையில் ஒரு முழம் கிழித்து உட்கார்ந்து தைத்தார். அவர் பேசவேயில்லை. பேசியவள் நான்தான், அதுவும் உன்னிடம்.

உப்பு நீருக்கும் போகாத கறையை விட்டுவிடு. அதற்குமேல் தேய்த்தால் துணிதான் போகும். மூடித் தைக்க விரும்பினால், அப்பத்தாவின் பெட்டியில் மிஞ்சிய சுங்குடியில் ஒரு முழத்தை இக்கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். என் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. அதை ஏன் இங்கே எழுதினேனோ, தெரியவில்லை. சுங்குடி ஒருமுறைகூடத் துவைக்காத துணி, தைப்பதற்கு முன் தனியாக நனைத்து அலசு, முதல் இரண்டு தண்ணீர் சிவப்பாகத்தான் வரும், பயப்படாதே.

அன்புடன்,
அம்மா