எரிந்த காட்டுக்கு ஜூனில் கன்று வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இந்தக் கச்சானிலும் (வறண்ட காற்றடிக்கும் காலம்) பற்றைக்காடு எரிந்தது. புகை அடங்குவதற்குள் மரநடுகைப் பேச்சும் தொடங்கிவிட்டது. சரி, நடத்தான் வேண்டும். எதை, எப்போது என்பதைத்தான் யாரும் கேட்கக் காணோம்.

எங்கள் பக்கம் மரநடுகை என்றால் ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம். பதாகை, படம், ஆளுக்கொரு தேக்கங்கன்று. மட்டக்களப்பில் அது கச்சான் அடித்து நிலம் வெடிக்கிற காலம். மழைக்கு ஒக்டோபர், நவம்பர் வரை பார்த்திருக்க வேண்டும். அதுவரை வாளியோடு யார் போவது? போன வருடம் ஒரு நிறுவனம் நட்டுவிட்டுப் போன இடத்தில் இப்போது மிஞ்சியிருப்பது கன்றுக்கு ஊன்றிய தடிகள்தான்.

தேக்கும் மகோகனியும் பலகைக்கு நல்லவை, மறுக்கவில்லை. காட்டுக்கு வேண்டியது வீரை, பாலை, முதிரை, நாவல், விளாத்தி. பாலைப்பழத்துக்குக் கரடி வரும், பறவை வரும். தேக்கு மரத்தடிக்கு எது வரும்? இந்தக் கன்றுகள் கேட்டவுடன் கிடைக்காது என்பது உண்மை. நாவல் விதை காய்ந்தால் முளைக்காது. பழம் விழுகிற நாட்களிலேயே சதையைக் கழுவி ஈரத்தோடு மண்பையில் போட்டுவிட வேண்டும். வேப்பம் விதையும் அதிக நாள் தாங்காது. பாலையோ மெதுவாகத்தான் வளரும். மாதர் சங்கங்களுக்குக் கூலி கொடுத்து இப்போதே நாற்றுமேடை போட்டால்தான் அடுத்த மாரிக்காவது கன்று இருக்கும்.

அப்புறம், எரிந்ததெல்லாம் செத்ததல்ல. அவுஸ்திரேலியாவில் 2019–20 பெருந்தீக்குப் பின் கருகிய யூக்கலிப்டஸ் தண்டிலேயே தளிர் விட்ட படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நம் முதிரையும் வேம்பும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கக் கூடியவை. டோசர் விட்டுத் துப்புரவாக்கினால் அதுவும் போய்விடும். வெட்ட வேண்டியது கினிப்புல்லை. மாரியில் ஆளுயரம் வளர்ந்து, அடுத்த கச்சானில் தீ ஓடுவது அதில்தான்.

மாட்டு விஷயத்தைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. மாரியில் பெரும்போக நெற்செய்கை தொடங்கினால் வயலில் மாடு நிற்கக்கூடாது. பட்டிகள் காட்டுப்பக்கம் போகும். மரக்கன்று நடுகிற காலமும் அதுவே, நட்டதை மாடு மேய்ந்துவிடும். பட்டிக்காரரைத் திட்டிப் பயனில்லை, அவர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் மாடுகளை அப்புறப்படுத்தும் திகதியைத் தீர்மானிக்கிறார்கள் அல்லவா? எரிந்த நிலத்தில் எந்தத் துண்டை இரண்டு மூன்று வருடம் மேயாமல் விடுவது, பதிலுக்கு எங்கே மேய்ப்பது என்பதையும் பட்டிக்காரரை வைத்துக்கொண்டே அங்கே பேசி முடிக்கலாம். வன இலாகாவிலிருந்தும் ஒருவர் வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை